முதல் பெயர்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்பும் வரை மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கல்லூரி சர்வரைப் பார்ப்பேன். முந்தின நாள் அதில் ஓட விட்ட கணக்கீட்டு வேலை முடிந்திருக்கும், அல்லது பாதியில் நின்றிருக்கும். நின்றிருந்தால் ஏன் என்று பார்த்து மறுபடி ஓட விடுவேன். மோட்டாரை அணைப்பேன். பல் துலக்குவேன். பால் பாக்கெட்டை எடுத்துப் போய் அத்தையிடம் கொடுப்பேன். அவர் காபி கொடுப்பார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன். "வெச்சுட்டுப் போயேம்பா, நான் கழுவ மாட்டனா?" என்பார். தினமும் சொல்வார். தினமும் கழுவுவேன். குளித்து, சாப்பிட்டு, கல்லூரி பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பேன்.

இது என் மனைவி ஏலவார்குழலியின் வீடு. பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. கீழே தறி, சமையலறை, மாமனார் கைலாசம், மாமியார் மஹாலட்சுமி. மாடியில் ஓர் அறை. கல்யாணத்துக்குப் பிறகு அதில் நானும் குழலியும் இருந்தோம். அவள் ஆராய்ச்சிக்காகச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போய் வந்தாள். நான் ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

போன ஆடியில் குழலி இறந்தாள். தலைவலி என்றாள். மூளையில் இரத்தக் கசிவு. ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழிக்கவில்லை.

நான் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன் என்று தெருவில் கேட்கிறார்கள். என் ஊர் தாமல். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அம்மா, அப்பா, நிலம் எல்லாம் அங்கே. இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

குழலி மூலக்கூறு உயிரியல். நான் உயிர்த் தகவலியல். அவள் கையில் எப்போதும் கையுறை இருக்கும், என் கையில் கீபோர்டு. கல்யாணமாகி முதல்முறை தாமலுக்கு விருந்துக்கு வந்தபோது ஏரி வற்றிக் கிடந்தது. பட்டுப் புடவையோடு உள்ளே இறங்கி, வெடித்த சேற்றின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே வந்து என் அம்மாவிடம் ஒரு டப்பாவும் ஸ்பூனும் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் இரண்டையும் வெந்நீரில் கொதிக்க வைத்தாள். பிறகு மறுபடி இறங்கினாள்.

"வந்த அன்னிக்கே மண்ணு வாருறாளே உன் மருமவ," என்று பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் என் அம்மாவிடம் சொன்னார்.

"வாரினு போவட்டும். ஏரி இன்னா ரொம்பிக்கினா இருக்குது?" என்றார் அம்மா.

அந்தச் சேற்றில் ஒரு பாக்டீரியா இருந்தது. மட்கிய வைக்கோலைத் தின்னும். குழலி அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தாள். அதன் டி.என்.ஏ.வை எடுத்தாள். வரிசைப்படுத்த அனுப்பினாள். துண்டு துண்டாக வந்த வரிசையைச் சேர்த்து முழு ஜீனோமாக்கியது நான். தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பழைய இனம். இது எண்பத்தொன்பதில் நின்றது. புது இனம். நான் செய்தது சில மாத வேலை. அவள் செய்தது நான்கு வருட வேலை. எந்தச் சூட்டில் வளரும், எவ்வளவு உப்பைத் தாங்கும், எதைத் தின்னும், எதைத் துப்பும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புது இனம் என்று அறிவிக்க, அதை இரண்டு நாடுகளின் சேமிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். அதையும் செய்து முடித்தாள்.

பெயர் வைப்பது கண்டுபிடித்தவர் உரிமை. தாமலென்சிஸ் என்று வைத்தாள். தாமலைச் சேர்ந்தது என்று பொருள். "உங்க ஊருக்கு நான் கொண்டாந்த சீரு," என்றாள்.

கட்டுரையில் அவள் பெயர் முதலில். என் பெயர் இரண்டாவது. வழிகாட்டியான பேராசிரியர் சுகாசினியின் பெயர் கடைசியில். எங்கள் தொழிலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தின் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. ஆய்விதழுக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளர்கள் இருவரின் கேள்விகள் திரும்பி வந்த வாரம்தான் அவளுக்குத் தலை வலித்தது. விவரம் சொன்னதும் ஆய்விதழ் அவகாசம் கொடுத்தது. இப்போது மாசி. இந்த மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை சுகாசினி மேடம் போன் செய்தார்.

"விமல், ஒரு யோசனை. கோபப்படாம கேளுங்க."

"சொல்லுங்க மேடம்."

"தாமலென்சிஸ் வேண்டாம். குழலி பேரையே வெச்சா என்ன? குழலியே. லத்தீன்ல பொம்பளப் பேருக்கு அப்படித்தான் முடியும். ஊர் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இது என்னைக்கும் நிக்கும். அவளுக்கு நாம வேற என்ன செய்ய முடியும்?"

நான் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். குழலியே. கூப்பிடுவது போல இருந்தது.

"ஆனா மேடம், அவ ஆத்தர்."

"அதான். லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு, நன்றி பகுதியில பெரிசா எழுதிடலாம். நீங்க முதல் பேரா வரலாம். உங்க இன்டர்வியூவுக்கும் உதவும். நான் தப்பா சொல்லல விமல். அவளுக்கு இனிமே முதல் பேரு எதுக்கு? வேலைக்கா போகப் போறா?"

தப்பாகச் சொல்லவில்லை. ஒரு நுண்ணுயிரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதற்குத் தங்கள் பெயரையோ உடன் எழுதுபவர் பெயரையோ வைப்பதில்லை. செத்தவருக்கும் அதுதான். மீறினால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார். குழலி கட்டுரையை எழுதியவளாக இருக்கலாம், அல்லது நுண்ணுயிரின் பெயராக இருக்கலாம். இரண்டுமாக இருக்க முடியாது. அடுத்த மாதம் எனக்கு ஒரு நிரந்தர உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் இருந்தது. அங்கே முதல் பெயருக்கு மதிப்பெண் அதிகம். என்னிடம் முதல் பெயராக ஒரு கட்டுரைதான் இருந்தது.

யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு எதிர் மேசையில் அபிநயா உட்காருவாள். தென்னேரியிலிருந்து வருகிறாள். ஆராய்ச்சியில் மூன்றாவது வருடம். குழலியிடம் போனில் கேட்டுக் கேட்டு வேலை கற்றவள். அவளிடம் சொன்னேன்.

"சூப்பர்ணா," என்றாள். "செத்தவங்களுக்குப் பேரு. இருக்கறவங்களுக்குப் பேப்பரு. எல்லாருக்கும் ஹேப்பி."

"கிண்டலா?"

"பின்ன? என் மாஸ்டர்ஸ் வேலையில எனக்கு இன்னா கெடச்சுது தெரியுமா? நன்றி. அபிநயாவுக்கு அவர் உதவிக்கு நன்றி. நான் உதவி பண்ணனாம். நான்தான்ணா பண்ணேன். அவங்கதான் எனக்கு உதவி பண்ணாங்க."

"இது அப்படி இல்ல. பேர் வைக்கறோம்."

"வைங்க. யாரு வேணான்னா?" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேரு எனக்குப் பிடிக்குது. அதான் கடுப்பா இருக்குது," என்றாள்.

வீட்டில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"கிருமிக்கா?" என்றார் அத்தை. கரண்டி நின்றுவிட்டது. "என் பொண்ணு பேரக் கிருமிக்கா வெக்கப் போறீங்கோ? கொரோனா மாரியா?"

"நல்ல கிருமி அத்தை. வைக்கோலைத் தின்னும்."

"வைக்கோலத் தின்ன மாடு இருக்குதே மாப்ள," என்றார் மாமா.

"மாடு வயித்துலயும் கிருமிதான் மாமா தின்னுது."

"ஓ." அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டு யோசித்தார். "இந்தப் பேரு எம்மா நாளைக்கு இருக்கும்?"

"எப்பவும். ஒருமுறை வெச்சா மாத்த மாட்டாங்க."

"கோயில் கல்வெட்டு மாரி."

"அதைவிட அதிகமா இருக்கலாம். கல்லு தேயும்."

மாமா எச்சில் கையோடு என்னைப் பார்த்தார். பல மாதங்களாக அவர் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. "வெச்சுடு மாப்ள," என்றார். "வெச்சுடு."

அத்தை எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "அவ கண்டுபுடிச்சான்னு அதுல போடுவாங்களா?"

"இந்தப் பேர் வெச்சா, எழுதினவங்கள்ல அவ இருக்க மாட்டா. கடைசியில நன்றின்னு போடுவோம்."

"யாருக்கு யாரு நன்றி சொல்றது?"

"நாங்க அவளுக்கு."

"அவ செஞ்சதுக்கா?"

"ஆமா."

அத்தை ரசச் சட்டியை நகர்த்தி வைத்தார். "மோர் ஊத்தட்டுமா?" என்றார்.

மாமாவுக்கு இரண்டு பழக்கங்கள். காலையில் தறியில் உட்காரும் முன் டீக்கடைக்குப் போவார். தெரிந்த எதையும் அங்கே சொல்லாமல் திரும்ப மாட்டார். சனிக்கிழமை நான் பால் வாங்கப் போனபோது டீக்கடை வேல்முருகன் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா, உங்க வூட்டுக்காரம்மா பேர்ல மருந்து வருதாமே?"

"மருந்து இல்லண்ணே. பாக்டீரியா."

"அதான், அதுக்கு மருந்து."

பெஞ்சில் இருந்தவர் ஊசி என்றார். இன்னொருவர் ஊசி வேண்டாம், மாத்திரையாக இருந்தால் நல்லது என்றார். வேல்முருகன் காசு வாங்க மறுத்தார். பிள்ளையார்பாளையத்துப் பெண் பெயரில் உலகத்துக்கே ஒரு மருந்து என்று பேசிக்கொண்டார்கள். நான் பால் பாக்கெட்டோடு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். முதல் மதிப்பீட்டாளரின் கேள்விகள் சுலபமானவை. இரண்டாமவர் முரட்டுத்தனமாக எழுதியிருந்தார். ஜீனோமை இன்னும் பல இனங்களோடு ஒப்பிடச் சொன்னார். அது என் வேலை. முன்பே முடித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். மீதி இருந்தது பெயர்.

புது இனத்தின் விவரிப்பில் முதல் வரி பெயர்க் காரணம். ஒரே வாக்கியம். இன்னார் பெயரால், இன்ன காரணத்தால். உண்மையாக இருக்க வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும். 'தாமல் ஏரியைச் சேர்ந்தது' என்ற அவளுடைய வாக்கியத்தை அழித்துவிட்டு எழுதினேன்.

இந்த நுண்ணுயிரை முதலில் பிரித்தெடுத்த ஏலவார்குழலியின் பெயரால்.

வாசித்தேன். முதலில் பிரித்தெடுத்தவர் அவர் என்றால் எழுதியவர் பட்டியலில் ஏன் இல்லை என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்பார். கேட்க வேண்டும். அழித்தேன்.

நுண்ணுயிரியலுக்குப் பங்களித்த ஏலவார்குழலியின் பெயரால்.

என்ன பங்களிப்பு? இந்தக் கட்டுரைதான். இதிலிருந்து அவளை எடுத்துவிட்டால் பங்களிப்பு எதுவும் இல்லை. முந்தின கட்டுரை ஒன்றில் அவள் மூன்றாவது பெயர். அழித்தேன்.

மறைந்த ஏலவார்குழலியின் நினைவாக.

இது உண்மை. ஆனால் இப்படி எழுதினால் அவள் செய்தது இறந்தது மட்டும் என்று ஆகிறது. மேலே நான் மாற்றி வைத்திருந்த பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. கீழே உள்ள படங்கள், அட்டவணைகள், உப்பு, சூடு எல்லாம் அவளுடையவை. அவற்றை நான் செய்ததாக என் பெயர் சொல்லும். நேர்காணலில் யாராவது ஒரு அட்டவணையைக் காட்டி, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார். எனக்குத் தெரியாது. எனக்கு நுண்ணுயிர் வளர்க்கும் பெட்ரி தட்டைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது.

அதையும் அழித்தேன். அவளுடைய வாக்கியத்தைப் பழையபடி போட்டேன். பெயர் வரிசையையும் பழையபடி போட்டேன். அவள் பெயருக்கு மேலே ஒரு சின்னச் சிலுவைக் குறி சேர்த்தேன். அந்தக் குறி இருந்தால் எழுதியவர் இப்போது இல்லை என்று பொருள்.

மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்டர்வியூ?"

"போறேன் மேடம். இருக்கறதைக் காட்டறேன்."

"சரி விமல். எனக்கும் அந்த நன்றி வாக்கியம் வரவே இல்ல. நேத்து பூரா எழுதிப் பார்த்தேன்," என்றார்.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தறிக்குழியிலிருந்து அவர் எழுந்து வரும் வரை காத்திருந்தேன். லேப்டாப்பைக் கையில் வைத்திருந்தேன்.

"மாமா, அவ பேரை வைக்கல."

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. "ஏன் மாப்ள? வேணான்ட்டாங்களா?"

"நான்தான் வேணாம்னேன். பேர் வெச்சா, செஞ்சது அவ இல்லன்னு ஆயிடும். செஞ்சது அவதான்."

"நான் தெரு பூரா சொல்லிக்கினு வந்துட்டேனே. டீக்கடையில இன்னா சொல்றது?"

"ஊசின்னு சொல்லிக்கினு இருக்கான் வேலு. அத மொதல்ல சரி பண்ணு," என்றார் அத்தை சமையலறையிலிருந்து.

மாமா உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து கட்டுரையின் முதல் பக்கத்தைக் காட்டினேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுபவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார். முதல் வரிசையில் விரலை வைத்தார். மகள் பெயரைக் கடந்தார். அடுத்த சொல்லில் விரல் நின்றது.

"இது என் பேரு."

"ஆமா மாமா. ஏலவார்குழலி கைலாசம்."

"இனிஷியலுக்குப் பதிலா எழுதிக்கீறா."

"அது மட்டும் இல்ல. வெளிநாட்டுல எல்லாருக்கும் குடும்பப் பேர்னு ஒண்ணு கடைசியில இருக்கும். நமக்குக் கிடையாது. அதனால கடைசியில இருக்கறதையே குடும்பப் பேர்னு எடுத்துக்குவாங்க. இனிமே யாராவது இந்த வேலையைப் பத்தி எழுதினா, கைலாசம் மற்றும் பலர்னுதான் எழுதணும். அப்படித்தான் வழக்கம்."

"கைலாசமா?"

"கைலாசம் மற்றும் பலர்."

"நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

அத்தை வெளியே வந்துவிட்டார். கையில் புளி இருந்தது. "பெத்தது நானு. ராத்திரி கண்ணு முழிச்சது நானு. ரயிலுக்கு விடிகாலையில சோறு கட்டினது நானு. பேரு இந்தாளுக்கா?"

"போயேன்," என்றார் மாமா. வாய் தானாகச் சிரித்தது. "கைலாசம் மற்றும் பலர். அந்தப் பலர்ல நீ இருக்கற."

"அது நானு மாமா," என்றேன். "விமல்ராஜும் மேடமும்."

"ஊர்ல இருக்கற அத்தினி பேரும் இருக்காங்கோ, என்னைத் தவர. மஹாலட்சுமின்னு ஒரு எழுத்தாவது இருக்குதா பாரேம்பா."

"இல்ல அத்தை."

"அடுத்த கிருமிக்கு வையி."

"வைக்கலாம். நீங்க ஆத்தர் இல்ல. தடை இல்ல."

"நானா கிருமி?" என்று புளியோடு என் தோளில் ஒன்று வைத்தார். மாமா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று அத்தை பிறகு சொன்னார். அன்று வத்தக்குழம்பு. இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மாமா டீக்கடைக்குப் போனார். திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானது. மருந்து இல்லை என்று அவர் சொன்னாரா, தெரியாது. நான் போனபோது வேல்முருகன் என்னிடம், "உங்க மாமா இன்னாபா சயின்டிஸ்டாயிட்டாரு?" என்றார். காசு வாங்கிக்கொண்டார்.

மதியம் ஆய்வகத்தில் உட்கார்ந்து அனுப்பும் வேலையைத் தொடங்கினேன். கட்டுரை, படங்கள், சேமிப்பு நிலையங்களின் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். அபிநயா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் வரிசையைப் பார்த்தாள். தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு அதிரசத்தை என் மேசையில் வைத்தாள். பிறகு மதிப்பீட்டாளர்களுக்கு நான் எழுதிய பதில்களை வாசிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, இது இன்னாது? இந்த மதிப்புமிக்க கருத்துக்கு மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு கேள்விக்கும் போட்டுக்கீறீங்க. இது ரிப்ளையா, கல்யாணப் பத்திரிகையா? ரெண்டாவது ஆளு நம்மள எப்படித் திட்டிக்கீறாரு, அவருக்கும் மனமார்ந்த நன்றியா?"

"வழக்கம் அதுதான்."

"அக்கா இப்படி எழுத மாட்டாங்கோ."

மாட்டாள். பல்கலைக்கழகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், ஏலவார்குழலி கடைசி நிமிடம் வரை ஆராய்ச்சியைப் பற்றியே பேசினாள் என்று ஒருவர் சொன்னார். கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். அப்படிச் சொன்னவர் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. மாமாவும் அத்தையும் மாற்றுத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். கடைசியாக என்ன சொன்னாள் என்று பலர் கேட்டார்கள். நான் சொன்னதில்லை. அபிநயா கேட்கவில்லை. அவளிடம் சொன்னேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். நர்ஸ் சோப்புத் தண்ணீர் போட்டு வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது வரவில்லை. குழலி அதைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"விமலு, அந்த ரெண்டாவது ரிவியூவருக்கு நீ பதில் எழுதாத. நீ ரொம்ப மரியாதையா எழுதுவ. நான் வந்து எழுதிக்கிறேன்."